நாய்க்குட்டியைக் கொண்டுவரும் முன் சென்ற ஆண்டு நாட்காட்டியை எடுங்கள்

எங்கள் வீட்டில் மிளகு என்றொரு நாட்டு நாய் இருக்கிறது. அதற்கு இப்போது நான்கு வயது. சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகைக் குடியிருப்பில் நான், கணவர், மாமியார், பள்ளி செல்லும் மகள் என நால்வர் வாழ்கிறோம். மிளகு வருவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்குகளையெல்லாம் அது வந்த பிறகே போட்டோம் என்பதால், அவற்றை உரிய வரிசையில் எழுதி வைக்கிறேன். நாய் வளர்க்க ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்ற கேள்வியை நான் தொடப்போவதில்லை. ஆசை இல்லாதவர் இதைப் படிக்க வந்திருக்க மாட்டார்.

முதல் படி: வீட்டாரின் ஒப்புதல்

வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பாரோ, அவர்தான் உண்மையில் நாயை வளர்க்கப் போகிறவர். எங்கள் வீட்டில் அது அத்தை. "இருக்கட்டும்மா, குழந்தை ஆசைப்படுகிறாள்" என்று அவர் சொன்னதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்; மறுக்க மனமில்லாமல் சொன்ன சொல் அது என்பது, முழங்கால் வலியோடு அவர் ஒரே முற்பகலில் மூன்றாவது முறையாகத் தரையைத் துடைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஆகவே "நாய் வளர்க்கலாமா" என்று கேட்காதீர்கள். "பகலில் நான்கு முறை அதைக் கீழே அழைத்துச் செல்ல வேண்டும், முடியுமா" என்று கேளுங்கள். விடை சட்டென்று மாறுவதைக் காண்பீர்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. பதினொரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, நாய் வளர்க்க அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஆனால் சங்கத்துக்குச் சொல்லும் அந்த விடை, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளரிடம் பெரிதாக உதவாது.

இரண்டாம் படி: நாட்காட்டி

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மிளகுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, ஓர் இரவு பதினொரு மணி அளவில் கோவில்பட்டியிலிருந்து தொலைபேசி வந்தது. கணவரின் பாட்டி இறந்துவிட்டார். விடிவதற்குள் எல்லோரும் புறப்பட்டாக வேண்டும். நாயை எங்கே விடுவது என்ற கேள்வியை அந்த நிமிடம் வரை நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொண்டதே இல்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு நாய் என்றாலே நடுக்கம். பணம் வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றை அழைத்தோம். தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள், அதில் ஓர் ஊசி விடுபட்டிருந்தது. முன்பு ஒரு நாளாவது அங்கே தங்கிப் பழகாத குட்டியை நள்ளிரவில் ஏற்க இயலாது என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறே இல்லை. கடைசியில் மற்ற மூவரும் பேருந்து ஏறினார்கள், நான் நாயோடு வீட்டில் இருந்தேன். பாட்டியின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. நாய்க்காக வராமல் இருந்தவள் என்ற பேச்சு உறவுக்குள் இன்றும் இருக்கிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரும்பாலான வீடுகளில் சமையலறைச் சுவரில் மாத நாட்காட்டி தொங்கும். பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த தேதியும் அதில்தான் இருக்கும். சென்ற ஆண்டின் நாட்காட்டியைத் தேடி எடுங்கள். கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் திட்டமிட்டவை மட்டுமே அவற்றில் இருக்கும், உண்மையில் நடந்தவை பால்காரரை வர வேண்டாம் என்று சொன்ன குறிப்புகளில்தான் இருக்கும். வீடு ஆறு மணி நேரத்துக்கு மேல் பூட்டியிருந்த நாள்களைச் சுற்றி வட்டமிடுங்கள். எல்லோரும் வெளியூரில் தங்கிய இரவுகளுக்குப் பெருக்கல் குறி போடுங்கள். அந்தப் பெருக்கல் குறிகளில், புறப்படுவதற்கு ஒரு நாள் முன்புகூட உங்களுக்குத் தெரியாமல் வந்தவை எவையோ அவற்றின் கீழே சிவப்பு மையால் கோடிடுங்கள். எங்கள் நாட்காட்டியில் முப்பத்தொரு பெருக்கல் குறிகள் இருந்தன. பொங்கல், மே மாத விடுமுறை, இரண்டு திருமணங்கள், குலதெய்வக் கோயில் என்று அவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்தவை. சிவப்புக் கோடு விழுந்தவை நான்கு மட்டுமே.

இனி ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் அருகில் ஒரு மனிதரின் பெயரை எழுத வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்பது பெயர் ஆகாது. சிவப்புக் கோடிட்டவற்றுக்கு இரண்டு பெயர்கள் வேண்டும், ஏனெனில் அந்த இருவரில் ஒருவர் உங்களோடு அதே சாவு வீட்டுக்கோ கல்யாண வீட்டுக்கோ வரக்கூடியவராக இருப்பார். நான் முதலில் எழுதிய பெயர் என் நாத்தனாருடையது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எழுதியவர்களை நேரில் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு அழைத்தால் வர முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இரண்டு சிவப்புப் பெயர்கள் கிடைக்கவில்லை என்றால் இந்த ஆண்டு நாய் வேண்டாம் என்பதே என் கருத்து. பணம், இடம், நேரம் ஆகிய மற்றக் குறைகளை எப்படியாவது ஈடுகட்டலாம். அந்த இரவை ஈடுகட்ட எனக்கு வழி தெரியவில்லை.

நாயையும் ஊருக்கு அழைத்துச் செல்லலாமே என்று தோன்றும். ரயிலில் முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் கூபே எனும் இருவர் படுக்கும் தனி அறை முழுவதையும் உங்களுக்கே பதிவு செய்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டும் முன்னேற்பாடு கேட்பவை, சிவப்பு நாள்களுக்குப் பயன்படாதவை.

மூன்றாம் படி: நாயில்லா ஒத்திகை

பதினான்கு நாள்கள், காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து இருபது நிமிடமும், மாலையில் அரை மணி நேரமும், கையில் ஒரு வாரைப் பிடித்துக்கொண்டு நடங்கள். வெட்கமாக இருந்தால் வாரைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மழையிலும், ஞாயிற்றுக்கிழமையிலும், அலுவலகத்திலிருந்து எட்டரைக்குத் திரும்பிய நாளிலும் நடக்க வேண்டும். மே மாதமாக இருந்தால் பிற்பகலில் தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத தரையில் நாயின் பாதமும் வெந்துவிடும்.

இதைவிட நல்ல ஒத்திகை ஒன்று உண்டு. விலங்குக் காப்பகங்களும் தன்னார்வலர்களும் மீட்ட நாய்களுக்குச் சில வாரங்கள் தங்க இடம் தருவோரை எப்போதும் தேடுகிறார்கள். ஒரு நாயை மூன்று வாரம் வைத்திருந்து திருப்பித் தருவதில் அவமானம் ஏதுமில்லை. வாங்கிய நாயைத் தெருவில் விடுவதுதான் குற்றம். பட்டினியும் தாகமும் நேரும் நிலையில் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

நான்காம் படி: பணம்

மிளகுக்கு உணவு, உண்ணி மருந்து, ஆண்டுத் தடுப்பூசியின் பங்கு எல்லாம் சேர்த்து மாதம் ஏறத்தாழ 2,500 ரூபாய் ஆகிறது. அந்தத் தொகையை மூன்று மாதங்களுக்குத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். இடையில் அதில் கைவைத்தீர்களா என்பதே விடை. இதற்கு மேல் அவசரத்துக்கென்று ஒரு தொகை வேண்டும். நம் ஊரில் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் பரவலாக வருகிறது; உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமியால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து, நாய் சாப்பாட்டை மறுத்துச் சுருண்டு படுத்துவிடும். மிளகுக்கு அது வந்த மாதத்தில் இரத்தப் பரிசோதனை, மருந்து, ஆட்டோ என்று 9,000 ரூபாய்க்கு மேல் செலவானது. 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளைவிட அங்கே செலவு குறைவு. ஆனால் அங்கே போக அரை நாள் விடுப்பு எடுக்க நேரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஐந்தாம் படி: எந்த நாய்

நாட்டு நாய், அதுவும் ஒரு வயது கடந்தது என்பது என் பரிந்துரை. குட்டியின் அழகுக்காக ஓராண்டுத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. பனிநிலத்துக்கான ஹஸ்கியை நம் வெயிலில் வளர்ப்பதும், மூச்சுக்கே திணறும் தட்டைமூக்குப் பக் நாயைப் பணம் கொடுத்து வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. நம் மண்ணின் இனமாயிற்றே என்று சிப்பிப்பாறையையோ கன்னியையோ மூன்றாம் மாடிக்குக் கொண்டுவருவதும் சரியல்ல, அவை முயல் துரத்தி ஓடப் பிறந்தவை. குட்டியேதான் வேண்டும் என்றால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

வாங்கும் பொருள்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தானாக நீண்டு சுருளும் வாரை வாங்காதீர்கள். தெருநாய்கள் சூழும்போது அதை இழுத்துப் பிடிக்க முடியாது. ஆறடிப் பருத்தி வாரும் மார்புப்பட்டையும் போதும். தரை துடைக்கும் பினாயிலை நிறுத்திவிடுங்கள். ஈரத் தரையில் நடந்த பாதத்தை நாய் நக்கும்.

சமையலறையிலும் ஒரு மாற்றம் தேவை. வெங்காயம் போட்ட சாம்பார் சோறும், பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. மிச்சத்தைப் போட்டு வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் உள்ள வீட்டில் இதை முதலிலேயே பேசிவிட வேண்டும். தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் கட்டாயம் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், சிவப்புப் பெயர்கள் இரண்டும் கிடைத்தும் நெருக்கடியில் அவை உதவவில்லை என்று எழுதியிருந்தார். வந்த நண்பரைக் கண்டு நாய் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு இரண்டு நாள் வெளியே வரவேயில்லையாம். நான் எழுதத் தவறியது அது. அந்த இருவரும் நீங்கள் இல்லாத ஓர் இரவாவது நாயோடு தங்கியிருக்க வேண்டும், அதுவும் நாய் வந்த இரண்டாம் மாதத்துக்குள். எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு சோறு, எந்த அலமாரியில் தடுப்பூசி அட்டை என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். தீபாவளியன்று மட்டும் பெயர்களை நம்பாமல் நீங்களே வீட்டில் இருங்கள்.

பூனைக்கும் இதே படிகள் பொருந்துமா என்று இன்னொருவர் கேட்டார். நடை ஒத்திகையை விட்டுவிடலாம், நாட்காட்டியை விட முடியாது. நடைக்கு ஈடாகப் பால்கனியைப் பாருங்கள்: புறாக்களுக்காகக் கட்டிய நைலான் வலையைப் பூனை ஒரே வாரத்தில் கடித்து வழி செய்துவிடும், கம்பி வலை அடிக்க உரிமையாளர் ஒப்புக்கொள்கிறாரா என்று பூனை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.