எஸ்டிபி-ன்னு தெரியுற டிஸ்க் ஸ்டோரேஜ்ல எது? கிளஸ்டர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மேட்ச் பண்ற வேலை

டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன், திருவொத்தியூர் பையன், மெயின்டனன்ஸ் முடிச்சு ஒரு நோடை (கிளஸ்டர்னு கூட்டா ஓடுற சர்வருங்கள்ல ஒண்ணு) ரீபூட் பண்ணிட்டு வந்து "இன்னாணா இது, காலைல எஸ்டிபியா இருந்த டிஸ்க் இப்ப எஸ்டிஎஃப்-ஆ கீது, ஸ்டோரேஜ்காரங்க எதுனா மாத்திட்டாங்களா"ன்னு கேட்டான். யாரும் எதையும் மாத்தல. காசிமேட்ல போட்டுங்க வரிசையா நிக்குதே, இன்னைக்கு அஞ்சாவதா நிக்கிறது நாளைக்கும் அஞ்சாவதா நிக்குமாடா, எது முன்னாடி கரைக்கு வருதோ அது முன்னாடி நிக்கும், நம்ம போட்டு எதுன்னு சைடுல பெயின்ட் அடிச்ச நம்பரைப் பாத்துதான கண்டுபிடிப்போம்னு கேட்டேன், அவன் அப்பா போட்டுக்குப் போறவரு, டக்குனு புரிஞ்சிருச்சு. எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் லினக்ஸ் டிஸ்குக்கு வைக்கிற பேரு, வரிசைல நிக்கிற இடம் மட்டும்தான், லினக்ஸோட மையமான கெர்னல் எதை முதல்ல பாக்குதோ அதுக்கு முதல் எழுத்து. பெயின்ட் அடிச்ச நம்பர்னா ஸ்டோரேஜ் அர்ரே, அதாவது சர்வருங்களுக்கு டிஸ்க் குடுக்குற பெரிய பெட்டி, தன்னோட ஒவ்வொரு டிஸ்குக்கும் குடுக்குற டபிள்யூடபிள்யூஐடி.

ஒரே ஒரு சர்வர்னா இதைப் பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம். கிளஸ்டர், அதுவும் ரெண்டு சைட்டு, நடுவுல ரெப்ளிகேஷன்னு வந்துட்டா இதுதான் மொத்த வேலையே. நம்ம செட்டப்பை வெச்சே சொல்றேன், அம்பத்தூர்ல ஒரு டேட்டா சென்டர், சிறுசேரில ஒண்ணு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நோடு, ரெண்டு பக்கமும் ஒரு அர்ரே. அம்பத்தூர் அர்ரேல எழுதறது அப்படியே பிளாக் பிளாக்கா சிறுசேரிக்கு காப்பி ஆகும். மூல டிஸ்கை சிமெட்ரிக்ஸ்காரங்க (இஎம்சி கம்பெனி அர்ரே) ஆர்1-ம்பாங்க, காப்பி வாங்குறது ஆர்2. ஹிட்டாச்சி பக்கம் அதே சமாச்சாரத்துக்கு பி-வால், எஸ்-வால்னு பேரு. ஒரு டிஸ்குக்கு நாலு நோட்லயும் நாலு வேற பேரு இருக்கும், இதுல ரெண்டு நோடு ஒரிஜினலைப் பாக்கும், ரெண்டு நோடு காப்பியைப் பாக்கும். இதை ஒரே டேபிள்ல கொண்டு வர்றதுதான் நாம செய்யப்போற காரியம்.

கமாண்டெல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே அடிச்சிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

முதல்ல நோட்ல இருந்து ஆரம்பிங்க. மல்டிபாத் -எல்எல் அடிச்சா ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு பேரு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள நீளமா ஒரு நம்பர், கீழ நாலு எஸ்டி பேருங்க வரும். நாலு டிஸ்க்குன்னு பயந்துடாதீங்க, சர்வர்ல ஸ்டோரேஜோட பேசுற எச்பிஏ கார்டு ரெண்டு, அர்ரேல ரெண்டு போர்ட்டு, ரெண்டு ரெண்டா நாலு பாதை, ஒரே டிஸ்க் நாலு வழியா தெரியுது, அவ்ளோதான். இருபது லன் (அர்ரே சர்வருக்குக் காட்டுற ஒவ்வொரு டிஸ்கும் ஒரு லன்) இருந்தா எண்பது எஸ்டி பேரு வரும், அதனாலதான் எஸ்டி பேரை வெச்சு டேபிள் போடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன். மல்டிபாத் இல்லாத இடத்துல எஸ்சிஎஸ்ஐ அண்டர்ஸ்கோர் ஐடி-ன்னு ஒரு கமாண்டு, யூடெவ் ஃபோல்டர்ல கிடக்கும், அதுக்கு -ஜி -யூ -டி போட்டு டிவைஸ் பேரைக் குடுத்தா அதே நீள நம்பரைத் துப்பும்.

அந்த நீள நம்பரை நிறைய பேரு காப்பி பேஸ்ட் பண்ற சமாச்சாரமாத்தான் பாக்குறாங்க, படிக்க மாட்டேன்றாங்க. படிச்சுப் பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிரும். உதாரணத்துக்கு ஒரு சிமெட்ரிக்ஸ் டிஸ்க் 360000970000197900123533030313934-ன்னு வருதுன்னு வெச்சுக்கோங்க. முன்னாடி நிக்கிற 3, இது எந்த வகை ஐடின்னு லினக்ஸ் ஒட்டுற முத்திரை, அதைத் தள்ளிடுங்க. அடுத்து 60000970, இதைப் பாத்தாலே சிமெட்ரிக்ஸ் குடும்பம்னு தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் பன்னெண்டு இலக்கம், 000197900123, அதுதான் அர்ரேயோட சீரியல் நம்பர். கடைசி பன்னெண்டுதான் கெத்து. 53 30 30 31 39 34-ன்னு ரெண்டு ரெண்டா பிரிங்க, இது ஆஸ்கி, எழுத்துக்கு நம்பர் குடுக்குற முறை, 53-ன்னா எஸ், 30-ன்னா சைபர், 31-ன்னா ஒண்ணு, 39-ன்னா ஒம்போது, 34-ன்னா நாலு. ஆக எஸ் 00194. ஸ்டோரேஜ் டீம் எக்செல்ல 00194-ன்னு ஒரு டிவைஸ் இருக்கே, அதேதான் இது. ஒரு டூலும் வேணாம், கண்ணாலயே படிச்சிரலாம்.

ஹிட்டாச்சி, இல்ல எச்பி எக்ஸ்பி-ன்னா இன்னும் ஈஸி, கடைசி நாலு இலக்கம்தான் எல்டெவ் நம்பர், அதாவது அர்ரேக்குள்ள அந்த டிஸ்கோட நம்பர். 0123-ன்னு முடிஞ்சா 01:23, முதல் ரெண்டு சியூ, அதாவது எல்டெவ்ங்களோட குழு நம்பர், அடுத்த ரெண்டு அந்த சியூக்குள்ள இருக்குற எல்டெவ். ரெண்டு கம்பெனியும் இந்த நம்பருங்களை ஹெக்ஸ்லதான் (பதினாறு அடிமான எண்) பேசும், ஸ்டோரேஜ்காரர் எக்செல்ல டெசிமலா மாத்தி வெச்சிருந்தா அன்னைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் இல்ல. அவருக்கு போன் போடும்போது முதல் கேள்வியே "சார் இது ஹெக்ஸா டெசிமலா"ன்னு இருக்கட்டும்.

கண்ணால படிச்சதை வெண்டர் டூல்லயும் ஒரு தடவை செக் பண்ணிருங்க. சிமெட்ரிக்ஸ்னா முதல்ல சிம்சிஎஃப்ஜி டிஸ்கவர், அப்புறம் சிம்இன்க், இது ஒவ்வொரு டிவைஸ் ஃபைலுக்கும் நேரா அர்ரே சீரியல், டிவைஸ் நம்பர் ரெண்டையும் காட்டும். லிஸ்ட்ல ரொம்ப குட்டியா சில எம்பி சைஸ்ல சில டிஸ்க் தெரியும், அது கேட்கீப்பர், சர்வர் அர்ரேகிட்ட பேசுற ஜன்னல், அதுல எவனும் ஃபைல் சிஸ்டம் போடாதீங்க, பிவிகிரியேட் அடிக்காதீங்க, டேபிள்லயும் சேக்காதீங்க. ஹிட்டாச்சின்னா எல்எஸ் அடிச்சு எல்லா எஸ்டி டிவைஸையும் பைப்ல ரெய்ட்ஸ்கேன் -ஃபைண்ட் -எஃப்எக்ஸ்-க்குக் குடுங்க, இல்ல இன்க்ரெய்ட் -சிஎல்ஐ-க்குக் குடுங்க, போர்ட்டு, சீரியல், எல்டெவ் எல்லாம் வரிசையா வரும்.

எச்பி-யூஎக்ஸ், எச்பியோட யூனிக்ஸ், இன்னும் ஓடுற இடங்க இருக்கு, சிரிக்காதீங்க. அங்க பழைய பேரு சி4டி0டி1 மாதிரி இருக்கும், கன்ட்ரோலர், டார்கெட், டிஸ்க். 2007-ல 11ஐ வி3 வந்தப்ப டிஸ்க்12 மாதிரி புதுப் பேரு வெச்சாங்க. சௌகார்பேட்டைல வீட்டு வாசல்ல பழைய எண், புதிய எண்னு ரெண்டும் எழுதியிருப்பாங்களே, தபால்காரர் ரெண்டையும் பாத்துத்தான் லெட்டரைப் போடுவாரு, அதே கதை. ஐஓஸ்கேன் -எம் டிஎஸ்எஃப் அடிச்சா எந்தப் பழசுக்கு எந்தப் புதுசுன்னு சொல்லிரும். ஆனா டிஸ்க்12-ங்கிறது அந்த ஒரு நோட்டுக்கு மட்டும்தான், பக்கத்து நோட்ல அதே டிஸ்க் டிஸ்க்31-ஆ இருக்கலாம், அதனால புதுப் பேரா இருந்தாலும் டேபிளோட முதல் காலம், அதாவது முதல் நெடுவரிசை, அது இல்ல.

டேபிள்ல முதல் காலம் அர்ரே சீரியலும் டிவைஸ் நம்பரும். ரெண்டாவது எதிர்சைட்டு அர்ரே சீரியலும் அதோட ஜோடி டிவைஸும். அப்புறம் நாலு நோட்லயும் தெரியுற பேரு, சைஸ், எந்த விஜி (டிஸ்குங்களை நிர்வகிக்கிற எல்விஎம் சேத்து வெச்ச டிஸ்க் க்ரூப்). எதிர்சைட்டு ஜோடியை யூகிக்காதீங்க, அம்பத்தூர்ல 00194-ன்னா சிறுசேரிலயும் 00194-ஆத்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் கிடையாது. சிம்ஆர்டிஎஃப் லிஸ்ட்ல லோக்கல் டிவைஸ், ரிமோட் டிவைஸ் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், அதை அப்படியே எடுத்துப் போடுங்க. ஹிட்டாச்சில ஏற்கெனவே க்ரூப் போட்டிருந்தா பேர்டிஸ்ப்ளே (இங்க பேர்னா ஜோடி) -ஜி க்ரூப் பேரு -எஃப்சிஎக்ஸ், எல்டெவ் ரெண்டும் ஹெக்ஸ்ல வரும், எத்தனை பர்சன்ட் காப்பி ஆச்சுங்கிறதும் வரும். இந்த டேபிள் இல்லாம விஜி கிரியேட், கிளஸ்டர் பேக்கேஜ் (நோடு விட்டு நோடு கிளஸ்டர் நகத்துற அப்ளிகேஷன்) னு எதையும் ஆரம்பிக்காதீங்க, அவசரம்னு மேனேஜர் கத்தினாலும் சரி.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா நானே ஒரு தடவை மாட்டியிருக்கேன், பழைய கம்பெனில. ஹிட்டாச்சி ரெப்ளிகேஷன் டூலான ஹார்க்கமோட கான்ஃபிக் ஃபைல்ல டிஸ்கை ரெண்டு விதமா எழுதலாம். ஹார்க்கம் டெவ் செக்ஷன்ல போர்ட்டு, டார்கெட், லன் நம்பரை வெச்சு எழுதலாம், ஹார்க்கம் எல்டெவ் செக்ஷன்ல அர்ரே சீரியல், எல்டெவ் நம்பரை வெச்சு எழுதலாம். நான் முதல் விதத்துல லன் நம்பரை எழுதினேன், எதிர்சைட்ல லன்னை நடுவுல ஒண்ணு எடுத்துட்டு திருப்பி மேப் பண்ணியிருந்தாங்க, எனக்கு யாரும் சொல்லல, நானும் கேக்கல. லன் 4-ன்னு நான் நெனச்சது வேற எல்டெவ். பேர்கிரியேட் அடிச்சேன், பி-வால்ல இருக்குறதை எடுத்து எஸ்-வால் மேல ஊத்துறதுதான் அதோட வேலை, கேள்வி கேக்காம ஊத்திருச்சு. டெஸ்ட் டேட்டாபேஸ் போச்சு, புரொடக்ஷன் இல்ல, அதனாலதான் இன்னைக்கு இதை எழுதிட்டிருக்கேன். அன்னைல இருந்து எல்டெவ் செக்ஷன் மட்டும்தான். அதோட இன்னொண்ணு, பேர்கிரியேட்ல -விஎல் போட்டா நீங்க உக்காந்திருக்குற பக்கம் ஒரிஜினல், -விஆர் போட்டா எதிர்ப்பக்கம் ஒரிஜினல். அந்த ஒரு எழுத்தை அடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வெச்சு சத்தமா படிக்கச் சொல்லுங்க, நான் இன்னும் அப்படித்தான் பண்றேன்.

அடுத்து பேரு வைக்கிறது. மல்டிபாத் தானா வைக்கிற எம்பாத்ஏ, எம்பாத்பி எல்லாம் அந்தந்த நோட்டோட பைண்டிங்ஸ் ஃபைல்ல இருக்கு, முதல் நோட்ல எம்பாத்பியா இருக்குறது ரெண்டாவது நோட்ல எம்பாத்டியா இருக்கலாம், திரும்பவும் போட்டு வரிசைக் கதைதான். மல்டிபாத் கான்ஃப் ஃபைல்ல டபிள்யூடபிள்யூஐடிக்கு நேரா ஒரு ஏலியாஸ், அதாவது நாமளே வைக்கிற பேரு, போடுங்க, பேர்லயே டிவைஸ் நம்பர் வர்ற மாதிரி, ஆரா டேட்டா 00194-ன்னு. ஒரே சைட்ல இருக்குற ரெண்டு நோட்லயும் அந்த பகுதி அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். சாதா ரெப்ளிகேஷன்ல எதிர்சைட்டு டிஸ்கோட டபிள்யூடபிள்யூஐடி வேற, அதனால அங்க கான்ஃப் ஃபைல் வேற, ஏலியாஸ் மட்டும் ஒரே மாதிரி வைங்கிறவங்களும் இருக்காங்க, எனக்குப் பிடிக்கல, எந்த சைட்ல நிக்கிறோம்னே மறந்துரும்.

சிமெட்ரிக்ஸோட எஸ்ஆர்டிஎஃப் மெட்ரோ, ஹிட்டாச்சி ஜிஏடி மாதிரி ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எழுதுற செட்டப்புன்னா இந்தக் கணக்கு மாறும். ரெண்டு அர்ரேயும் ஒரே டபிள்யூடபிள்யூஐடியைக் காட்டும், சர்வருக்கு அது ஒரே டிஸ்க், எட்டு பாதை. நீள நம்பரைப் படிச்சா ஒரே சீரியல்தான் வரும், எந்தப் பாதை எந்த அர்ரேக்குப் போகுதுங்கிறதை அர்ரே போர்ட்டோட டபிள்யூடபிள்யூஎன், அதாவது அந்தப் போர்ட்டோட தனி அடையாள நம்பர், வெச்சுத்தான் பிரிக்கணும்.

எல்விஎம் தலைவலி தனி. ரெப்ளிகேஷன் பிளாக் பிளாக்கா காப்பி அடிக்கும்போது பிவி யூயூஐடியையும், அதாவது டிஸ்க் மேல எல்விஎம் எழுதி வைக்கிற அடையாளத்தையும், சேத்துத்தான் காப்பி அடிக்குது. ஒரு நோட்டுக்கு ஒரிஜினலும் காப்பியும் சேந்து தெரிஞ்சா, இல்ல பேக்கப்புக்கு எடுத்த லோக்கல் குளோன் அதே நோட்ல தெரிஞ்சா, டூப்ளிகேட் பிவின்னு எல்விஎம் கத்தும். அந்த வார்னிங்கைத் தாண்டிப் போகாதீங்க. எல்விஎம் கான்ஃப்ல குளோபல் ஃபில்டர் போட்டு மல்டிபாத் ஏலியாஸை மட்டும் அனுமதிங்க, ரெட்ஹேட் 9-ல டிவைசஸ் ஃபைல் வந்துருச்சு, அங்க எல்விஎம்டிவைசஸ் கமாண்டு. குளோனை அதே நோட்ல மவுன்ட் பண்ணியே ஆகணும்னா விஜிஇம்போர்ட்குளோன்.

இன்னொரு குழி, இதுல விழுந்தவங்க நிறைய. ஸ்டோரேஜ்ல ஒரு டிவைஸை எடுத்துட்டு அதே லன் நம்பர்ல வேற டிவைஸைக் குடுத்தா, சர்வர்ல பழைய எஸ்டி டிவைஸை முறையா டெலிட் பண்ணலன்னா, லினக்ஸ் பழைய ஐடியையே மனசுல வெச்சுக்கினு இருக்கும். நீங்க பாக்குற பேரு பழசு, எழுதறது புது டிஸ்க் மேல. அன்மவுன்ட், விஜில இருந்து எடு, மல்டிபாத் -எஃப், ஒவ்வொரு எஸ்டிக்கும் சிஸ் பிளாக் கீழ டிவைஸ் டெலிட்ல 1, இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஸ்டோரேஜ்காரரை அன்மேப் பண்ணச் சொல்லணும். இந்த வரிசை தலைகீழா போகக்கூடாது.

கடைசியா ஃபெயிலோவர் டெஸ்ட், அதாவது வேலையை எதிர்சைட்டுக்கு மாத்திப் பாக்குறது. ஆர்2 சாதாரணமா ரைட் டிஸேபிள்ட், சிறுசேரி நோடு பூட் ஆகும்போது அதை ரீட்-ஒன்லின்னு பதிவு பண்ணிக்கும். ஸ்டோரேஜ்ல ஃபெயிலோவர் முடிஞ்சு ஆர்2 எழுதத் தயாரானாலும் கெர்னலுக்கு அது தெரியாம இருக்கலாம், மவுன்ட் பண்ணா ரீட்-ஒன்லின்னு அடம்பிடிக்கும். ஒவ்வொரு பாதைக்கும் டிவைஸ் ரீஸ்கேன்ல 1 போட்டுட்டு பிளாக்டெவ் --கெட்ஆர்ஓ அடிச்சுப் பாருங்க, 0 வரணும். 1 வந்தா கிளஸ்டர் பேக்கேஜை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஜோடியோட ஸ்டேட்டஸையும் பாருங்க, எஸ்-வால் பக்கம் எஸ்எஸ்டபிள்யூஎஸ்-னு வந்தா டேக்ஓவர் ஆகியிருக்கு, ஆனா ரெப்ளிகேஷன் இன்னும் திரும்பி ஓடலன்னு அர்த்தம். டெஸ்ட் முடிஞ்சதும் நாலு நோடையும் ஒவ்வொண்ணா ரீபூட் பண்ணி டேபிளைத் திரும்ப நிரப்புங்க. எஸ்டி பேரெல்லாம் மாறியிருக்கலாம், முதல் ரெண்டு காலம் மட்டும் அப்படியே நிக்கணும், அதுல ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் உடனே ஸ்டோரேஜ் டீமுக்கு போன்.