கடலோர வீட்டுக்கு ஒரு கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு மிக அருகில் இருக்கும் உறவினர் வீட்டில், ஆறு ஆண்டுகள் ஓடிய கணினி ஒன்றைச் சென்ற மழைக்காலம் முடிந்தபின் திறக்க முயன்றேன். பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளில் இரண்டு துருவேறி அசைய மறுத்தன. தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தபின்னரே கழன்றன. உள்ளே, எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் மதர்போர்டு என்ற பலகையின் பின்பக்கத் துளைகளின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. தற்காலிக நினைவகமான ராம் பலகையின் பொன்னிறப் பற்கள் மங்கியிருந்தன. பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகியதும் கணினி உயிர்பெற்றது. கணினியின் மூளையான செயலிக்கு ஒரு குறையும் இல்லை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. உப்புக் காற்றும் ஒழுங்கற்ற மின்சாரமும்தான் இங்கே கணினியைக் கொல்கின்றன. ஆகவே புதிதாக வாங்குபவர்கள் செயலியிலிருந்து தொடங்காமல் சுவரில் உள்ள மின்செருகு துளையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: பயன்பாட்டை எழுதி வையுங்கள்

பிள்ளைகளின் பாடம், தமிழ்த் தட்டச்சு, கணக்கு மென்பொருள், இணையம் ஆகியவை மட்டும் என்றால், திரைக்குப் படம் தரும் தனிக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. காணொளித் தொகுப்பும் பெரிய விளையாட்டுகளும் உண்டு என்றால் தேவை. இந்த ஒரு முடிவு, மொத்தச் செலவையும் மின்வழங்கியின் (எஸ்எம்பிஎஸ்) அளவையும் தீர்மானித்துவிடும்.

படி 2: எர்த் இணைப்பைச் சோதியுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உலோகப் பகுதியில் புறங்கை படும்போது சுர்ரென்று ஓர் உணர்வு ஏற்பட்டால், அந்த வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே உள்ள வடிகட்டிச் சுற்று, வேண்டாத மின்னலைவுகளை எர்த் கம்பி வழியாக வெளியேற்றும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தக் கம்பிக்குப் போக்கிடம் இல்லாதபோது மின்னழுத்தம் கணினிப் பெட்டியான கேபினட்டின் உடலிலேயே தங்கிவிடுகிறது. தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவும் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வீடுகளில் மூன்று துளைச் செருகி இருந்தும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இதைச் சரிசெய்யும்வரை வேறு எதையும் வாங்க வேண்டாம்.

படி 3: எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸும்

என் முதல் கணினியில் கேபினட்டோடு சேர்த்தே வந்த எஸ்எம்பிஎஸ் இருந்தது. 450 வாட் என்று ஒட்டப்பட்டிருந்த அது, கையில் எடுத்தால் வெறும் தகர டப்பாவைப் போல எடையற்று இருந்தது. ஒரு மாலை போன மின்சாரம் திரும்பி வந்த நொடியில் அது வெடித்து நின்றது. ஹார்டு டிஸ்க்கையும் அதில் இருந்த குடும்பப் படங்களையும் சேர்த்தே கொண்டுபோனது. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி எதுவும் என்னிடம் இல்லை.

அதனால் கேபினட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தனித்தனியாக வாங்குங்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினி 150 வாட்டுக்கு மேல் இழுப்பது அரிது. ஆகவே பெரிய எண்ணைத் தேட வேண்டாம், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்றும் குறைந்தது மூன்று ஆண்டு உத்தரவாதமும் உள்ள நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். கார்டு சேர்ப்பதாக இருந்தால், அந்தக் கார்டின் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது, 600 விஏ என்றால் 600 வாட் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அளவில் விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வாட் திறன் கொண்டவையே. அதனுள் இருக்கும் 12 வோல்ட் மின்கலம், திரையோடு சேர்த்து ஒரு சாதாரணக் கணினியைக் கோப்பைச் சேமித்து முறையாக அணைக்கும்வரை தாங்கும். அதற்குத்தான் அது இருக்கிறது. மின்கலத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். லேசர் பிரின்டரை மட்டும் ஒருபோதும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

படி 4: செயலியும் மதர்போர்டும்

இவை இரண்டையும் ஒரே இணையாகக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டெல்லின் 12, 13, 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் மதர்போர்டில் உள்ள எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட்டில் (செயலி அமரும் இடம்) அமர்பவை. மற்றொரு செயலித் தயாரிப்பாளரான ஏஎம்டியில் ஏஎம்4, ஏஎம்5 என்று இரண்டு சாக்கெட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் பொருந்தாது. சாக்கெட் பொருந்தினாலும், பழைய மதர்போர்டில் புதிய தலைமுறைச் செயலியை இயக்க, மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம் என்பதால், வாங்கும் கடையிலேயே அதைச் செய்து தரச் சொல்லுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால், அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி செயலியில் அது உண்டு, ரைசன் 5 5600 செயலியில் இல்லை. விலை சற்றுக் குறைவு என்று இத்தகைய செயலியை வாங்கி, தனிக் கார்டும் இல்லாமல் இணைத்தால், எல்லாம் சுழலும், திரையில் மட்டும் ஒன்றும் வராது.

பழைய அலுவலகக் கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்க எண்ணுபவர்களுக்கும் ஒரு சொல். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் 8 ஆம் தலைமுறையிலிருந்தே முறைப்படி ஆதரிக்கப்படுகிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அதற்குத் தேவை. அதற்கு முந்தைய இயந்திரம் என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

படி 5: ராமும் எஸ்எஸ்டியும்

ஏஎம்4 மதர்போர்டு டிடிஆர்4 வகை ராமையும், ஏஎம்5 மதர்போர்டு டிடிஆர்5 வகையையும் மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 மதர்போர்டுகளில் இரு வகைக்கும் தனித்தனியாக உண்டு என்பதால் பெட்டியைப் படித்துப் பாருங்கள். இரண்டு ராம் வகைகளிலும் பற்களுக்கு இடையிலான வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், தவறான ராமை அழுத்தினால் துளைதான் உடையும். 16 ஜிபி வேண்டும் என்றால் இரண்டு 8 ஜிபியாக வாங்குவது நல்லது. உள்ளமைந்த கிராபிக்ஸ் ராமையே பங்கிட்டுக்கொள்வதால், இரண்டு ராமும் சேர்ந்தே இயங்கும் இரட்டைத் தடத்தின் வேகம் அங்கே கண்கூடாகத் தெரியும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில், எம்.2 என்ற சிறு பலகை வடிவம் என்பதாலேயே அது வேகமான என்விஎம்இ வகை ஆகிவிடாது. அதே வடிவத்தில் மெதுவான சாட்டா வகையும் விற்கப்படுகிறது. சாட்டா நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பியோடு நின்றுவிடும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பி வரை போகும்.

படி 6: கேபினட்டும் அதை வைக்கும் இடமும்

முன்புறம் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள கேபினட் போதும். கடலைப் பார்த்த சன்னலை ஒட்டி வைக்காதீர்கள். வாரத்துக்கு ஓரிரு முறையாவது கணினியை இயக்குங்கள், உள்ளே எழும் வெப்பம் ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடிவைத்த கணினியில்தான் துரு விரைவாக ஏறுகிறது. தரையில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில், அதுவரை தண்ணீரே பார்த்திராத வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. மேசைமேல் இருந்தவை தப்பின.

படி 7: பில்

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் சில பாகங்கள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் கடலூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர்; பழுதான பாகத்தைத் தூக்கிக்கொண்டு இருமுறை போய்வந்தால் மிச்சம் பிடித்த பணம் பேருந்துக் கட்டணத்துக்கே சரியாகிவிடும். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படி 8: இணைத்தபின் முதல் முறை இயக்குதல்

செயலியின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்துங்கள். அழுத்தாமலே அது அமர வேண்டும். குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, செயலியின்மேல் பட்டாணி அளவு வெப்பக் கடத்திப் பசை இட்டுப் பொருத்துங்கள். நான்கு ராம் துளைகள் இருந்தால், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள்.

டிடிஆர்5 ராம் உள்ள கணினி முதல் முறை இயங்கும்போது, ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். விசிறி சுழலும், திரை இருண்டே இருக்கும். பதறி அணைத்துவிடாமல் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். திரை வந்ததும் பயோஸுக்குள் சென்று, வாங்கிய ராம் முழு அளவும் எஸ்எஸ்டியின் பெயரும் அங்கே தெரிகின்றனவா என்று பார்த்தபின், இயங்குதளத்தை நிறுவத் தொடங்கலாம்.