படியும் மிதக்காமல், ஓலையும் மங்காமல்

நாற்பது தாண்டியதும் எனக்கும் வெள்ளெழுத்து வந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய் கிட்டத்தில் குவிக்கத் திணறும், யாரையும் விடாது. காரைக்குடியில் வாங்கிய ரெடிமேட் கண்ணாடியோடு கொட்டான் (பனை ஓலைக் கூடை) பின்னினால் ஓலை விளிம்பு நிழலாடும், சாயங்காலம் நெற்றி தெறிக்கும். பரிசோதித்ததில் வலது கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லாததைச் சரிசெய்யும் பவர். ரெடிமேடில் அது கிடையாது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான். புரை இல்லை, கண் அழுத்தமும் சரி. (அழுத்தத்தைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே பார்வையைத் தின்னும்.)

தூரம், கிட்டம் என்று இரண்டு பகுதிக்கு நடுவே கோடு தெரியும் பைஃபோகல் பிடிக்காமல், கோடில்லாமல் மேலிருந்து கீழே தூரம், நடு, கிட்டம் என்று பவர் மாறிக்கொண்டே வரும் புரோகிரசிவ் போட்டேன். பெரிய தொல்லை! வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) இறங்கினால் படி மிதந்தது. தெருக்கோடியில் வருகிறவர் முகம், தாடையைத் தாழ்த்தினால்தான் தெளிந்தது. அந்தத் தாடைதான் துப்பு. ஃபிரேம் மேலே ஏறி உட்கார்ந்ததால் தூரத்துக்கான பகுதியை விட்டு நடுப்பகுதி வழியே பார்த்திருக்கிறேன். கடைத் தம்பி மூக்குத் தாங்கிகளைச் சற்று அகட்டி இறக்கிவிட்டு, "ஆச்சி, எதிர்க்கடை போர்டைப் படிங்க" என்றார். தலை அசையாமல் படித்தேன்.

படியில் இன்னமும் தலையைக் குனிந்துதான் இறங்குகிறேன். லென்ஸின் கீழ்ப்பகுதி வாசிக்க மட்டுமே. பக்கவாட்டில் பார்க்க மூக்கையே திருப்ப வேண்டும். லேசிக் (லேசர் கண் அறுவை) செய்தால் எல்லாம் போய்விடுமா என்றாள் மருமகள். அது தூரப் பவரைச் சரிசெய்யும், வெள்ளெழுத்தை நிறுத்தாது. மணிக்கணக்கில் பின்ன, சிலிண்டர் சேர்த்துக் கிட்டத்துக்கென்றே தனிக் கண்ணாடி வைத்திருக்கிறேன்.