தேர்தல் விளம்பரம்: ஆளைக் கேலி செய்தால் ஓட்டு வராது

சென்ற வாரம் இளைஞர்கள் சிலர் ஒரு வேட்பாளருக்காக எடுத்த 30 நொடி விளம்பரத்தைக் காட்டினார்கள். எதிர் வேட்பாளரின் நடையை நடிகர் ஒருவர் நையாண்டி செய்கிறார். எடிட்டிங் அறையே சிரித்தது. எனக்கு வயிறு கலங்கியது. எழுத்துப்பிழை, ஒலிக் குளறுபடி எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். இது அப்படிப்பட்டதல்ல. விளம்பரம் எடுப்பவர்கள் கண்ணில் படாத ஐந்து தவறுகள் இங்கே.

ஆளை அடிப்பது

பல ஆண்டுகளுக்கு முன், உள்ளூர் கேபிள் சேனலுக்காக ஒரு வேட்பாளருக்கு விளம்பரம் எடுத்தேன். எதிராளிக்குப் பேச்சு திக்கும். அதையே நடிக்க வைத்தேன். ஒளிபரப்பான மாலை ஒரு டீக்கடையில் நின்று, சிரிப்பொலிக்காகக் காத்திருந்தேன். கடைக்காரர், "என் மகனும் இப்படித்தான் பேசுவான்" என்று சொல்லிச் சேனலை மாற்றினார். கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றுவரை எங்கள் பக்கம் இருந்த கடை அது.

கனடாவில் 1993 தேர்தலில் இதுவே பெரிய அளவில் நடந்தது. லிபரல் தலைவர் ழான் கிரெத்தியனுக்கு இளமையில் வந்த முகவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். ஆளும் முற்போக்கு கன்சர்வேட்டிவ் கட்சி அந்த முகத்தை நெருக்கத்தில் காட்டி, இவரா பிரதமர் என்று கேட்டது. சொந்தக் கட்சி வேட்பாளர்களே கொதித்ததால் விளம்பரத்தை உடனே நிறுத்தினார்கள். கிரெத்தியனோ, தான் வாயின் ஒரு பக்கத்தால்தான் பேசுவதாகவும், அவர்களைப் போல இரு பக்கத்தாலும் பேசுவதில்லை என்றும் திருப்பிக் கொடுத்தார். 1988-ல் 169 இடங்களை வென்ற கட்சிக்கு 2 இடங்களே மிஞ்சின. பொருளாதார மந்தமும் புதிய வரியும் ஏற்கெனவே அதைச் சாய்த்திருந்தன. ஆனாலும் விழுந்துகொண்டிருந்தவர்கள் எதிராளிக்குத் தங்கள் செலவில் அனுதாபம் தேடிக்கொடுத்தார்கள்.

தாக்கவே கூடாது என்று சொல்லவில்லை. போடாத சாலையைக் காட்டுங்கள். வராத குடிநீரைக் காட்டுங்கள். எந்தத் தேதியில் வாக்குக் கொடுத்தார் என்று எழுதுங்கள். தேர்தல் நடத்தை விதிகளும் கொள்கையையும் கடந்தகாலச் செயல்பாட்டையும் விமர்சிக்கத்தான் இடம் தருகின்றன. கட்சிக்காரர் சிரிப்பை நம்பாதீர்கள். சென்ற முறை எதிரணிக்கு ஓட்டுப்போட்ட ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

எதிராளியையே காட்டிக்கொண்டிருப்பது

ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த முகம் மனதில் நிற்கிறதோ, விளம்பரம் அவருக்குத்தான்.

பார்ப்பவர் வீட்டை மறப்பது

2004-ல் "இந்தியா ஒளிர்கிறது" என்று மத்தியில் ஆண்ட பா.ஜ.க. கூட்டணி நாடெங்கும் பளபளப்பாக விளம்பரம் செய்தது. வறண்ட வயலைப் பார்த்துவிட்டு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவருக்கு அது யாருடைய ஊரோ. தமிழகத்தில் அந்தக் கூட்டணிக்கு 39 தொகுதிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சின்னத்தைக் கடைசி நொடிக்குத் தள்ளுவது

வேண்டாம்.

சான்றிதழுக்குத் தாமதிப்பது

2004 ஏப்ரல் 13 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, தேர்தல் ஆணையம் அமைத்த குழுவின் முன்சான்றிதழ் இல்லாமல் எந்த அரசியல் விளம்பரமும் தொலைக்காட்சியில் வர முடியாது. கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். அந்த இளைஞர்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. நடை வரும் 12 நொடிகளை வெட்ட அவர்களுக்கு நேரம் இருக்கிறது.