நாயகனை விட்டுக் கூட்டத்தைக் கவனியுங்கள்: பிரெஞ்சு கிராண்ட் ஓபரா கேட்கத் தொடங்குவோருக்கு

சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வளர்ந்த மும்பைத் தமிழர் ஒருவர் பிரெஞ்சு கிராண்ட் ஓபரா என்ற பிரம்மாண்டமான பாட்டு நாடகத்தைக் கேட்க உட்கார்ந்தால், முதலில் இடறுவது அவருடைய காதுதான். ஒற்றைக் குரலைப் பற்றிக்கொண்டு, அடுத்த சங்கதி என்னவென்று காத்திருந்து சுகிக்கப் பழகிய காது அது. 1828 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் பாரிஸில் கோலோச்சிய இந்த வடிவத்தில் அந்தப் பழக்கம் பாதி வழிக்குத்தான் துணை வரும். பெரும்பாலும் ஐந்து அங்கங்கள், வசனமே இல்லாத தொடர் பாட்டு, வரலாற்றுக் கதை, கட்டாயமாக ஒரு பாலே நடனம் என்று அமைந்த இதில், முதன்மைப் பாத்திரம் பெரும்பாலும் மேடையை நிறைத்து நிற்கும் கூட்டம்தான். ஆகவே காதலரின் கதையை ஒரு கண்ணாலும் கோரஸை, அதாவது கூட்டமாகச் சேர்ந்து பாடுவோரை, மறு கண்ணாலும் பார்க்கப் பழகுங்கள்.

காலவரிசைப்படி தொடங்க வேண்டியதில்லை. மேயர்பியர் இசையமைத்து 1836-இல் அரங்கேறிய ‘லே யூகனோ’வின் (பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளைக் குறிக்கும் பெயர் அது) நான்காம் அங்கத்தை முதலில் கேளுங்கள். பாரிஸில் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்டுகளைக் கொன்று குவித்த 1572-ஆம் ஆண்டின் புனித பார்த்தலோமியோ நாள் படுகொலையே கதைக்களம். கத்தோலிக்கப் பிரபுக்கள் கூடிக் கொலைக்குத் திட்டமிடுகிறார்கள். நெவேர் என்ற ஒரே ஒருவர், தம் முன்னோரில் போர்வீரர்கள் உண்டு, கொலைகாரர் ஒருவரும் இல்லை என்று மறுத்துத் தம் வாளை முறித்துப் போடுகிறார். பிறகு துறவிகள் வந்து ஆயுதங்களை ஆசீர்வதிக்க, கூட்டத்தின் குரல் படிப்படியாக ஏறி வெறியாகிறது. கடைசியில் அதே கூட்டம், நள்ளிரவில் சத்தமின்றி வர வேண்டும் என்று முணுமுணுத்தபடி கலைகிறது. முழக்கத்தைவிட அந்த முணுமுணுப்புதான் நடுங்க வைக்கும். மதக் கலவரம் நடந்த 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. ஆங்கில சப்டைட்டில் உள்ள பதிவாகப் பார்த்து, கதைச் சுருக்கத்தை முன்னதாகவே படித்துவிடுங்கள். இங்கே முடிவு தெரிந்திருப்பதால் சுவை குறையாது.

அடுத்து, இந்தக் கூட்டம் மேடைக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். 1828-இல் ஓபேர் இசையமைத்த ‘போர்டிச்சியின் ஊமைப் பெண்’ அரங்கேறியது. (அதுவும் ‘லே யூகனோ’வும் பிப்ரவரி 29 அன்றுதான் அரங்கேறின என்பது ஒரு வேடிக்கை.) 1647-இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக நேப்பிள்ஸ் மீனவர் மாசனியெல்லோ நடத்திய கலகத்தைச் சொல்லும் இதில், ஓபராவின் நாயகியே பாடுவதில்லை, அவள் ஊமை. இறுதியில் வெசூவியஸ் எரிமலை மேடையிலேயே வெடிக்கும். 1830 ஆகஸ்ட் 25 அன்று பிரஸ்ஸல்ஸில் இது நடந்தபோது, தாய்நாட்டுப் பற்றைப் பாடும் இருவர் பாட்டு அரங்கைக் கொதிக்க வைத்தது. அன்றிரவே தெருவில் கலவரம் மூண்டு, நெதர்லாந்திலிருந்து பெல்ஜியம் பிரியும் புரட்சியாக வளர்ந்தது. முருகன் வேடத்தில் நின்று வெள்ளையரைக் கொக்கு என்று பாடிச் சிறைசென்ற நாடக நடிகர் விசுவநாததாஸை அறிந்த நமக்கு, பாட்டு இப்படி அரங்கை விட்டு இறங்கித் தெருவில் நடப்பது புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது: அந்தக் கதையில் கலகம் தோற்கிறது, தலைவன் தன் ஆட்களாலேயே அழிகிறான். மக்கள் கூட்டத்தை மெச்சிக்கொண்டே அதற்கு அஞ்சிய காலத்தின் மனம் அது. ‘லே யூகனோ’வுக்குக் கதை எழுதிய யூஜேன் ஸ்க்ரீப்தான் இதற்கும் எழுதியவர்களில் ஒருவர்.

தணிக்கையையும் கவனியுங்கள். ‘லே யூகனோ’வில் அரசமாதா கேத்தரின் தெ மெதிசி மேடையேறத் தடை விழுந்ததால், அவளுக்கு உரிய சதிப் பொறுப்பு செயின்ட்-பிரி என்ற கற்பனைப் பிரபுவின் தலையில் விழுந்தது.

இந்த ஓபராக்களுக்கான பணம் யாரிடமிருந்து வந்தது என்பதை உணர, மும்பையில் சர்னி ரோடு பக்கம் 1911-இல் திறக்கப்பட்டு, நெடுங்காலம் மூடிக் கிடந்து 2016-இல் புதுப்பொலிவுடன் மீண்ட ராயல் ஓபரா ஹவுஸுக்கு ஒரு முறை போய், பக்கவாட்டுப் பெட்டி இருக்கைகளைப் பாருங்கள். மேடையைப் பார்ப்பதற்கு இணையாகப் பிறர் பார்வையில் படுவதற்கும் அமைந்த இடங்கள் அவை. 1830 புரட்சிக்குப் பின் பாரிஸ் ஓபராவை அரசு மானியத்துடன் நடத்தும் பொறுப்பு லூயி வேரோன் என்ற தொழில்முனைவோரிடம் வந்தது, புதுப்பணக்காரர்கள் சந்தாதாரர்களானார்கள். இரவு உணவை முடித்துத் தாமதமாக வரும் ஜாக்கி கிளப் என்ற மேட்டுக்குடிச் சங்கத்துக் கனவான்களுக்காகப் பாலே இரண்டாம் அங்கத்திலோ அதற்குப் பிறகோ வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். 1861-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தம் ‘டான்ஹாய்சர்’ ஓபராவில் பாலேயை முதல் அங்கத்திலேயே வைத்துவிட, அவர்கள் விசில் அடித்தே மூன்று நிகழ்ச்சிகளோடு அந்த ஓபராவை விரட்டினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு ‘லே யூகனோ’வை முழுதாகக் கேட்கலாம். ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் என்பதால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் கிறிஸ்தவப் பாடல் மெட்டு முகப்பிசையில் தொடங்கி மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் எந்த நிலையில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில், இருட்டில் நிற்பவர்கள் மீது சுட ஆணையிடும் செயின்ட்-பிரி, விழுந்தவர்களில் தன் மகளைக் காண்கிறான். அப்போது அவன் முகத்தைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் நிற்கும் படைவீரர்களின் பாட்டைக் கேளுங்கள். அது நிற்பதில்லை.