பழைய பித்தளைச் சட்டியை அச்சாக வைத்து காகிதக்கூழ் கிண்ணம்: முதல்முறை செய்பவர்களுக்கு

மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டு ஹால் அலமாரியில் ஒரு பித்தளைச் சட்டியும், அதே வடிவத்தில் ஒரு காகிதக் கிண்ணமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் எடுப்பது காகிதக் கிண்ணத்தைத்தான். மரமா, மண்ணா என்று தட்டிப் பார்ப்பார்கள். செய்தித்தாளும் வெந்தயமும் என்றால் நம்புவதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் ஆச்சி வீட்டில் மிளகாய் வற்றலும் புளியும் காகிதக்கூழ் கூடையில்தான் இருக்கும். ஊறிய காகிதத்தை உரலில் இடித்து, வெந்தயம் அரைத்துச் சேர்த்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் காயவைத்தது. வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பாள். அந்த வேலையைத்தான் மும்பை வீட்டுக்கும் மும்பை வெயிலுக்கும் ஏற்றபடி இங்கே சொல்கிறேன்.

முதலில் அச்சு

எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தும் செய்யலாம். ஆனால் கையால் தட்டிச் செய்த பழைய பித்தளைக்கு ஒரு வயிறு உண்டு. ஒரு பக்கம் கொஞ்சம் உப்பியிருக்கும், விளிம்பு லேசாகச் சாய்ந்திருக்கும். காகிதம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். கிண்ணத்தின் அழகில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நான் வாங்கியது மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில். எங்களுக்கு ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, அங்கிருந்து நடந்தால் மட்டன் ஸ்ட்ரீட். வெள்ளிக்கிழமை கடைகள் இருக்காது; அன்று விடியற்காலையில் தெருவில் பரப்பி வைத்து விற்பார்கள். முதல்முறை போகிறவர்கள் மற்ற நாளில் பதினொரு மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் அது இரும்பின்மேல் பூசிய பித்தளை. ஒட்டாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். சமைத்துப் புழங்கிய சட்டியில் ஈயப் பூச்சின் வெள்ளைத் திட்டுகள் மிச்சமிருக்கும். அடிப்பாகம் ஒரே சீராக இல்லாமல் தேய்ந்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக இருந்தால், பழசுபோலத் தெரிய மருந்து வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். பித்தளையை எடைக்குத் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

எனக்குக் கிடைத்த சட்டியின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டிய தமிழ் எழுத்து இரண்டு இருந்தது. யார் வீட்டுச் சீரோ. கடைக்காரர் அதைக் கீறல் என்று நினைத்து நூறு ரூபாய் குறைத்தார். அந்த எழுத்துக்காகவே நான் கூடக் கொடுத்திருப்பேன்.

வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்க வேண்டும். சொம்பு, குடம் போலக் கழுத்து இடுங்கிய பாத்திரம் வேண்டாம், காய்ந்த கூழைக் கழற்ற முடியாது. வாய் 20 சென்டிமீட்டர் இருந்தால் முதல் கிண்ணத்துக்குப் போதும்.

கூழ்

அந்த அளவுக்குச் செய்தித்தாளின் பெரிய தாள் 10 வேண்டும். எடை சுமார் 170 கிராம் வரும். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், சீக்கிரம் கரையாது. விரல் நகம் அளவுக்குக் கிழித்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஊறவிடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மூன்றாம் நாள் இரவு 50 கிராம் வெந்தயத்தைத் தனியாக ஊறப்போடுங்கள்.

மறுநாள் காலையில் காகிதத்தை மிக்ஸியில் அடிக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி, ஜாரில் முக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடேறிவிடும். அடித்ததைப் பழைய வேட்டித் துணியில் கொட்டிப் பிழியுங்கள். பதம் புட்டு மாவுதான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்.

வெந்தயத்தை நுரை பொங்க மையாக அரைத்துச் சேர்த்துப் பிசையுங்கள். ஊறிய வெந்தயத்தின் வழவழப்புதான் இங்கே பசை. ஆச்சி வேறொன்றும் சேர்க்கமாட்டாள். நான் மும்பை ஈரத்தை நினைத்து நான்கு மேஜைக்கரண்டி ஃபெவிகால் சேர்க்கிறேன். மைதாப் பசையோ சோற்றுக் கஞ்சியோ வேண்டாம், மழைக்காலத்தில் பூச்சி அதைத்தான் தேடி வரும். கொழுக்கட்டை மாவு மாதிரி, கையில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை பத்து நிமிடமாவது பிசைய வேண்டும்.

அப்புதல்

சட்டியைக் கவிழ்த்து, நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் மூடி, துணி ஓரத்தை வாய்க்குள் மடக்கிவிடுங்கள். இந்தத் துணி இல்லாவிட்டால் பித்தளையின் பச்சைக் களிம்பு காகிதத்தில் ஏறும், கழற்றவும் வராது.

எலுமிச்சை அளவு கூழை எடுத்து உள்ளங்கையில் தட்டி, உச்சியில் வையுங்கள். அடுத்தது அதன் விளிம்பின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். அப்படியே சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குங்கள். கனம் சுண்டுவிரலில் பாதி, எல்லா இடத்திலும் ஒன்றுபோல. ஒரு இடம் தடித்து ஒரு இடம் மெலிந்திருந்தால் காயும்போது அந்த எல்லையில்தான் வெடிக்கும். முடிந்ததும் கரண்டியின் பின்பக்கத்தைத் தண்ணீரில் தொட்டு அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

காயவைத்தல்

அவசரப்படுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் கிண்ணத்தை நான் ஜூலையில் செய்தேன். நான்காம் நாள் உள்ளே பூஞ்சை பூத்து நாற்றமெடுத்தது, முழுக்கத் தூக்கிப்போட்டேன். ஊருக்குப் போன் போட்டபோது ஆச்சி சொன்னது ஒன்றுதான்: “ஏட்டி, வெயிலப் பாத்துல்லா கூழைத் தொடணும்.” மும்பையில் அதற்கு அக்டோபர் வெயில் பொருத்தம். அங்கிருந்து மே வரை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

முதல் நாள் நிழலில், காற்றாடிக்குக் கீழே. எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் இறுகிக் கீறல் விடும். இரண்டாம் நாள், மேலே இறுகி உள்ளே ஈரம் இருக்கும்போதே சட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். கூழ் காயக் காயச் சுருங்கி அச்சை இறுக்கிப் பிடிக்கும். முழுக்கக் காயட்டும் என்று விட்டால் பிளக்கும். துணியோடு மெல்லச் சுழற்றி எடுத்து, துணியை உரித்து, அப்புறம் நான்கைந்து நாள் ஜன்னல் வெயிலில் புரட்டிப் புரட்டி வையுங்கள்.

காய்ந்ததா என்று தெரிய விரல் முட்டியால் தட்டுங்கள். ஈரம் இருந்தால் சத்தம் பொத்தென்று அமுங்கும். காய்ந்தது டக்கென்று சொல்லும். சமையலறைத் தராசு இருந்தால் தினமும் எடை போடுங்கள், இரண்டு நாள் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. கீறல் இருந்தால் கொஞ்சம் கூழை அடைத்து மறுபடி காயவிட்டு, 120ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள்.

உள்பக்கம்

சாயம் பூசலாம், நான் பூசவில்லை. வீட்டில் கிழித்துச் சேர்த்த தினசரி காலண்டர் தாள்களை ஒட்டினேன். பெரிய சிவப்புத் தேதி, கீழே ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். கல்யாண நாள், பிள்ளைகள் பிறந்த நாள், வீடு மாறிய நாள் என்று தேடி எடுத்தது. கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் ஒன்றோடொன்று கரைந்து போகும், வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும். ஒட்டுமுன் வேண்டாத தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மை பரவுகிறதா என்று பாருங்கள். இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர், தாளுக்குக் கீழேயும் மேலேயும் ஒரு தடவல்.

பழைய சாமி பட அச்சுகள் கிடைத்தால், ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் போன்றவை, தயவுசெய்து அசலை ஒட்டாதீர்கள். லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள், அசலைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

கடைசியாக உள்ளும் புறமும் தண்ணீர் கலக்கும் வார்னிஷ் இரண்டு கை. சாப்பிடும் பொருள் வேண்டாம். சாவி, வளையல், உலர்ந்த பூ வைக்கலாம். பித்தளைச் சட்டியைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்காமல் துணியால் துடைத்துப் பக்கத்தில் வையுங்கள், அந்தக் கறுப்பும் பழுப்பும் இருந்தால்தான் இரண்டும் சேரும். ஜூன் வந்ததும் கிண்ணத்தைச் சுவரோரமாக வைக்க வேண்டாம், சுவர் ஈரம் இழுக்கும்.

வெந்தயம் சேர்க்காத கூழ் மிஞ்சினால் உருண்டை பிடித்துக் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த தடவை தண்ணீரில் போட்டால் ஒரே இரவில் கரைந்துவிடும்.