ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தது: கோளாறு நியூட்ரலில் இருந்தது

மழை பெய்தாலே வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடும். எந்த அறையில் கோளாறு என்று பார்க்க எம்சிபிகளை (ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக உள்ள பாதுகாப்பு சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக அணைத்தோம், அப்போதும் ஏதாவது பெரிய சாதனம் ஓடினால் விழுந்தது. வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் ஆர்சிசிபியைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். எம்சிபி அதிகச் சுமைக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பது ஆர்சிசிபிதான்.

வேறொருவரை அழைத்தோம். அவர் சொன்னதுதான் முக்கியம்: ஒற்றை முனை எம்சிபி பேஸை (மின்சாரம் வரும் வயர்) மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) இணைந்தேதான் இருக்கும். எங்காவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், மற்ற அறைகளில் ஓடும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியாகக் கசிந்து போகும், பேஸில் வருவதும் நியூட்ரலில் திரும்பிப் போவதும் சமமாக இல்லாததால் ஆர்சிசிபி விழும்.

அப்புறம் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, பெட்டியில் நியூட்ரல் வயர்களைத் தனித்தனியாகக் கழற்றி எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி) சோதித்தார் (அதற்கு முன் எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாதனங்கள் பழுதாகலாம்). குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். வெளிவிளக்கு வயர் மட்டும் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. அதன் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் இறங்கி, இன்சுலேஷன் வெடித்திருந்தது. வயரை மாற்றி, தண்ணீர் புகாத பாக்ஸ் போட்டோம். இப்போது மாதாமாதம் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்க்கிறேன்.